வந்தவர் வாக்கு, இருந்தவர் வாக்கு: வர்ஜீனியாவின் அரசியல் மாற்றம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

1968 முதல் 2004 வரை நடந்த பத்து அமெரிக்க அதிபர் தேர்தல்களிலும் வர்ஜீனியா மாநிலம் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தது. 1976இல் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர் தென்மாநிலங்களைக் கிட்டத்தட்ட முழுதாக அள்ளியபோதும் வர்ஜீனியா அவருக்கு வசப்படவில்லை. 2008இல் ஒபாமா வென்றார். அதன்பின் 2024 வரை அதிபர் தேர்தலில் அந்த மாநிலம் ஜனநாயகக் கட்சியை விட்டு அகலவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறியதால்தான் இப்படி ஆனது என்று இரு கட்சியினரும் சொல்கிறார்கள். ஒரு தரப்புக்கு அது பெருமை, மறு தரப்புக்குப் புகார். அது பாதிதான் உண்மை. வந்தவர் எப்போது வாக்காளர் ஆகிறார், முன்பே இருந்தவர் எந்தப் பக்கம் சாய்கிறார், ஆட்கள் வெளியேறிய ஊரில் எஞ்சியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. வாக்காளர் யார்?

குடித்தொகை வேறு, வாக்காளர் தொகை வேறு. இதற்கு வர்ஜீனியாவைவிடக் கூர்மையான சான்று கிடைப்பது அரிது. 1902ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வாக்களிப்பதற்கு ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி விதித்தது. மூன்றாண்டு வரியையும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்டிமுடித்திருக்க வேண்டும். கறுப்பினத்தவரைத் தடுக்க விரித்த வலையில் ஏழை வெள்ளையரும் சிக்கினர். ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ஹாரி பேர்டின் கட்சி அமைப்பு மாநிலத்தில் பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றதற்கு இந்தச் சிறிய வாக்காளர் பட்டியலே அடித்தளம். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1966இல் உச்ச நீதிமன்றம் மாநிலத் தேர்தல்களிலும் தலைவரி செல்லாது என்றது. புதிதாக ஒருவர்கூடக் குடிவராமலேயே மாநிலத்துக்குப் புதிய வாக்காளர்கள் கிடைத்தார்கள்.

3. வடக்கில் பெருக்கம்

3.1 வேலை இழுத்த கூட்டம்

வாஷிங்டன் நகரை ஒட்டிய வடக்கு வர்ஜீனியா அரசாங்கச் சம்பளத்தில் வளர்ந்த பகுதி. பென்டகன், லாங்லியில் சி.ஐ.ஏ., 1962இல் திறந்த டல்லஸ் விமான நிலையம், பிறகு பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனங்கள், இணையத் தொழில் என்று வேலைகள் பெருகின. அங்குள்ள லவுடன் கவுன்டியில் (மாவட்டம்) 1990இல் சுமார் 86,000 பேர் இருந்தார்கள். 2020இல் 4,20,000க்கும் மேல். மேய்ச்சல் நிலம் இருந்த இடங்களில் இன்று தரவு மையங்களும் வரிசை வீடுகளும் நிற்கின்றன.

3.2 கால இடைவெளி

ஒஹாயோவிலிருந்து வீடு மாறி வருபவர் அந்த ஆண்டே இங்கு வாக்களிக்கலாம். சென்னையிலிருந்து ஹெச்-1பி விசாவில் வருபவருக்கு அப்படியில்லை. கிரீன் கார்டு வரிசை இந்தியர்களுக்குப் பத்தாண்டையும் தாண்டி நீள்கிறது. கார்டு கிடைத்தபின் குடியுரிமைக்குப் பொதுவாக மேலும் ஐந்தாண்டு. அமெரிக்காவிலேயே பிறந்த மகள் பதினெட்டு வயதில் அப்பாவுக்கு முன்பே வாக்குச்சாவடிக்குப் போய்விடுகிறாள். ஆகவே ஒரு பத்தாண்டில் வந்த குடியேற்றத்தின் விளைவை அதே பத்தாண்டின் தேர்தல் முடிவில் தேடுவது வீண்.

லவுடன் 2004இல் குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்கு ஏறக்குறைய 56 சதவீதம் அளித்தது. 2008இல் ஒபாமாவுக்கு 53 சதவீதத்துக்கு மேல். நான்கே ஆண்டில் நேர்ந்த இந்தப் புரட்டலைப் புதுக் குடியுரிமைகள் மட்டும் செய்திருக்க முடியாது. இராக் போரும் பொருளாதாரச் சரிவும் கண்ட, படித்த புறநகர்வாசிகளில் பலர், முன்பு குடியரசுக் கட்சிக்குப் போட்டவர்கள் உட்பட, அணி மாறினார்கள்.

3.3 வந்தவர் ஒரே கூட்டமல்லர்

ஃபால்ஸ் சர்ச்சில் உள்ள ஈடன் சென்டர் வியட்நாமியக் கடைவீதியில், மஞ்சள் துணியில் மூன்று சிவப்புக் கோடுகள் கொண்ட தென்வியட்நாம் கொடி இன்றும் பறக்கிறது. அந்த நாடு 1975இல் மறைந்துவிட்டது. கம்யூனிசத்துக்குத் தப்பி வந்த அந்தத் தலைமுறையில் பலருக்குக் குடியரசுக் கட்சிதான் நெருக்கம். அண்டை ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் வாக்குச்சீட்டு ஆங்கிலத்தோடு ஸ்பானிஷிலும் வியட்நாமியத்திலும் கிடைக்கிறது. மூன்று மொழி வாசகர்களையும் ஒரே கட்சியின் கணக்கில் வரவு வைப்பவர் அவர்களோடு பேசிப் பார்த்தவராக இருக்க மாட்டார்.

4. தென்மேற்கில் தேய்வு

மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது புக்கானன் கவுன்டி, நிலக்கரி மலைநாடு. 1980இல் சுமார் 38,000 பேர். 2020இல் 20,000க்குச் சற்று மேல். சுரங்கத் தொழிற்சங்கம் வலுவாக இருந்த காலத்தின் தொடர்ச்சியாக, 2004இலும் அது ஜனநாயகக் கட்சியின் கெர்ரிக்கே வாக்களித்தது. 2020இல் டிரம்ப் அங்கே பெற்றது 80 சதவீதத்துக்கு மேல். இங்கே யாரும் வந்து எதையும் மாற்றவில்லை. வேலை போயிற்று, இளையோர் போயினர், சங்கம் தளர்ந்தது. வடக்கின் கூட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த வெறுமையை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். மாநில அரசியலின் இன்றைய கசப்பில் இதன் பங்கு சிறியதல்ல.

இரு கோடிகளும் 2006 ஆகஸ்டில் அந்த மலைப்பகுதியின் பிரேக்ஸ் என்ற இடத்தில் மோதிக்கொண்டன. குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜார்ஜ் ஆலன் பிரசாரக் கூட்டத்தில், எதிர்க்கட்சிக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞரை ‘மகாக்கா’ என்று இழிவாக அழைத்து, அமெரிக்காவுக்கு வரவேற்கிறேன் என்று கேலி செய்தார். இளைஞர் வர்ஜீனியாவிலேயே பிறந்தவர். கலிஃபோர்னியாவில் பிறந்து வந்தவர் ஆலன்தான். காணொளி நாடெங்கும் பரவியது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவான தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜிம் வெப்பிடம் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் ஆலன் தோற்றார். எண்ணிக்கையால் சிறுபான்மையாக இருந்த சமூகம், மற்றவர்களின் மனத்தில் உண்டாக்கிய அசைவால் கணக்கை மாற்றிய தேர்தல் அது.

5. கணக்கு பொய்த்த இடங்கள்

குடித்தொகைப் போக்கை வைத்து 1969இல் கெவின் பிலிப்ஸ் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை உருவாகும் என்று நூல் எழுதினார். 2002இல் ஜூடிஸும் டெய்ஷேராவும் ஜனநாயகக் கட்சிக்கு அதையே எழுதினார்கள். முதலாவது ரீகன் காலம்வரை நன்றாகவே பலித்தது. இரண்டாவதற்கு டெக்சஸின் ஸ்டார் கவுன்டி கடும் மறுப்பு. மக்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினரான அந்த எல்லைப் பகுதியில் 2016இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் 60 சதவீதப் புள்ளி அளவு முந்தினார். 2024இல் டிரம்ப் வென்றார். இன அமைப்பு மாறவில்லை, வாக்கு மாறியது.

வர்ஜீனியாவும் விதிவிலக்கல்ல. 2021 ஆளுநர் தேர்தலில், கொரோனாக் காலப் பள்ளிமூடலும் பாடத்திட்டச் சர்ச்சையும் சூடேறியபோது, லவுடனில் ஜனநாயகக் கட்சியின் பங்கு முந்தைய ஆண்டு அதிபர் தேர்தலின் 61 சதவீதத்திலிருந்து 55 அளவுக்கு இறங்கியது. மாநிலத்தைக் குடியரசுக் கட்சியின் யங்கின் பிடித்தார். 2025இல் ஜனநாயகக் கட்சியின் ஸ்பேன்பர்கர் பெரும் வித்தியாசத்தில் ஆளுநர் தேர்தலில் வென்றார்; அவரோடு துணை ஆளுநராகத் தேர்வானவர் ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி. இந்த நான்காண்டில் லவுடனின் குடித்தொகை அமைப்பு தலைகீழாகிவிடவில்லை. பள்ளியைப் பற்றிக் கவலைப்பட்ட பெற்றோரும், மத்திய அரசு ஆட்குறைப்பில் வேலை பறிபோன ஊழியரும் அதே வரிசை வீடுகளில்தான் குடியிருந்தார்கள்.