கார் சீட்டில் மாட்டும் ‘புல்லட் ப்ரூஃப்’ பேனல்: எந்தக் குண்டைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

2022 மே 29. பஞ்சாபின் மான்சா மாவட்டத்தில் பாடகர் சித்து மூஸேவாலா தன் மஹிந்திரா தார் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் புல்லட் ப்ரூஃப் வண்டி ஒன்று இருந்தது. அன்று அதை அவர் எடுத்துச் செல்லவில்லை என்று பஞ்சாப் காவல்துறை பிறகு சொன்னது.

2008 நவம்பர் 26 இரவு, மும்பை காமா மருத்துவமனை அருகே ஹேமந்த் கர்கரே, அசோக் காம்டே, விஜய் சாலஸ்கர் ஆகிய மூன்று அதிகாரிகளும் ஒரே டொயோட்டா குவாலிஸில் இருந்தார்கள். ஏ.கே.-47 குண்டுகளுக்கு அந்த வண்டியின் தகரம் தாக்குப்பிடிக்கவில்லை. வண்டியில் இருந்தவர்களில் காவலர் அருண் ஜாதவ் மட்டுமே உயிர் பிழைத்தார்.

சாதாரண வண்டி குண்டைத் தடுக்காது. தடுக்கும் வண்டி எல்லா நேரமும் கூட வராது. இந்த இடைவெளியைக் குறிவைத்து விற்கப்படுவதுதான் கையில் எடுத்துப்போகும் சீட் பேனல். எந்த காரிலும் மாட்டலாம், வேண்டாம் என்றால் கழற்றி வைத்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் அது உண்மையில் என்ன செய்யும்?

இந்த பேனல் எதனால் ஆனது?

மூன்று வகை இருக்கிறது. முதலாவது, மென்மையான பேனல். கெவ்லார் போன்ற அராமிட் இழைகளைப் பல அடுக்குகளாக வைத்துத் தைத்தது. 1965-ல் டுபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி க்வாலெக் கண்டுபிடித்த இழையின் வழிவந்தது இது. வலையில் பந்து விழுவது போல, இழைகள் குண்டின் வேகத்தை அகலமாகப் பரப்பி நிறுத்துகின்றன.

இரண்டாவது, மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் அடுக்குகளை அழுத்திச் செய்த கடினத் தகடு. எடை குறைவு, ஆனால் தடிமன் அதிகம். மூன்றாவது, எஃகு அல்லது செராமிக் தகடு. செராமிக் குண்டின் முனையை உடைத்து நொறுக்கும். பின்னால் இருக்கும் இழை அடுக்கு மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவற்றை உறைக்குள் வைத்து, பட்டைகளால் சீட்டின் முதுகுப் பக்கத்தில் கட்டுவார்கள். போர்ப் பகுதிகளில் வேலை செய்யும் பத்திரிகையாளர்களும் உதவிக் குழுவினரும் கவசமில்லாத வண்டிகளில் இதே வகைப் போர்வைகளை விரிப்பதுண்டு. அங்கே அதன் முக்கிய வேலை துப்பாக்கிக் குண்டைத் தடுப்பது இல்லை. வெடிகுண்டுச் சிதறல்களைத் தடுப்பது.

கார் கதவே தடுக்காதா?

சினிமாவில் தடுக்கும். நிஜத்தில் தடுக்காது. கார் கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைத் தாண்டினால் கண்ணாடி ஏற்றும் பொறி, பிளாஸ்டிக், அவ்வளவுதான். சீட் என்பது நுரையும் துணியும் மெல்லிய இரும்புச் சட்டமும். ஓரளவு நம்பக்கூடிய மறைவு என்றால் என்ஜின் பிளாக்கும் சக்கரங்களின் நடுப்பகுதியும்தான்.

அமெரிக்காவில் இது தெரிந்துதான் ஃபோர்டு நிறுவனம் போலீஸ் வண்டிகளின் கதவுக்குள்ளேயே கவசத் தகடு வைத்துத் தருகிறது. 2016-ல் அந்தத் தகட்டின் தரத்தை, கவசத்தைத் துளைக்கும் ரைஃபிள் குண்டைத் தாங்கும் அளவுக்கு உயர்த்தியது.

லெவல் 2, 3ஏ, 3, 4... இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

‘புல்லட் ப்ரூஃப்’ என்று ஒன்று கிடையாது. இன்ன குண்டை, இன்ன வேகத்தில் தாங்கும் என்பது மட்டும்தான் உண்டு. உலகம் முழுக்க அதிகம் புழங்கும் அளவுகோல், அமெரிக்க நீதித்துறையின் கீழ் இயங்கும் என்.ஐ.ஜே. அமைப்பினுடையது. அதன் 2008 பதிப்பை எளிமையாகச் சொன்னால் இப்படி:

• லெவல் 2: 9 மி.மீ. கைத்துப்பாக்கி. 8 கிராம் குண்டு, நொடிக்கு 398 மீட்டர்.
• லெவல் 3ஏ: .44 மேக்னம் வரையிலான கைத்துப்பாக்கிகள். 15.6 கிராம், நொடிக்கு 436 மீட்டர்.
• லெவல் 3: 7.62 மி.மீ. நேட்டோ ரைஃபிள் குண்டு. 9.6 கிராம், நொடிக்கு 847 மீட்டர்.
• லெவல் 4: கவசத்தைத் துளைக்கும் .30 ரைஃபிள் குண்டு. 10.8 கிராம், நொடிக்கு 878 மீட்டர்.

ஸ்கூல் ஃபிசிக்ஸ் ஞாபகம் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லெவல் 2-ன் 9 மி.மீ. குண்டின் ஆற்றல் சுமார் 630 ஜூல். லெவல் 3 குண்டின் ஆற்றல் சுமார் 3,440 ஜூல். ஐந்து மடங்குக்கும் மேல். ரைஃபிள் குண்டு கூர்மையானதும்கூட. அதனால்தான் 3ஏ-வுக்கும் 3-க்கும் நடுவில் இருப்பது ஒரு படி இல்லை, ஒரு பள்ளம்.

2023-ல் என்.ஐ.ஜே. இந்தப் பெயர்களை மாற்றியது. கைத்துப்பாக்கிக்கு எச்.ஜி.1, எச்.ஜி.2, ரைஃபிளுக்கு ஆர்.எஃப்.1, ஆர்.எஃப்.2, ஆர்.எஃப்.3. பழைய லெவல் 3 சோதனையில் ஏ.கே.-47 குண்டு இல்லை, புதிய ஆர்.எஃப்.1-ல் அது சேர்க்கப்பட்டிருக்கிறது.

இந்தியாவுக்குத் தனி அளவுகோல் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். 2018-ல் கொண்டுவந்த ஐ.எஸ். 17051, ஆறு நிலைகள் கொண்டது. 7.62x54 ஆர் கவசத் துளைப்புக் குண்டைத் தாங்கும் இதன் ஆறாம் நிலை ஜாக்கெட்டை, கான்பூரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் உருவாக்கியிருப்பதாக 2024-ல் அறிவிக்கப்பட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது ஜாக்கெட்டுக்கான தரம், கார் சீட்டுக்கானது அல்ல.

நம் ஊர் நிலவரத்துக்கு இன்னொரு கேள்வியும் முக்கியம். வட மாநிலங்களில் சட்டவிரோதமாகப் புழங்கும் நாட்டுத் துப்பாக்கிகளில் பல .315 போர் தோட்டாவைச் சுடுபவை. அது கைத்துப்பாக்கித் தோட்டா இல்லை, ரைஃபிள் தோட்டா. 3ஏ பேனலை எந்த ரைஃபிள் தோட்டாவை வைத்தும் சோதிப்பதில்லை.

‘என்.ஐ.ஜே. சர்டிஃபைட்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என்.ஐ.ஜே. சான்று தருவது உடலில் அணியும் கவசத்துக்கு மட்டுமே. பைகள், போர்வைகள் போன்ற மற்ற பொருள்களைச் சோதித்துச் சான்று தருவதில்லை என்று அந்த அமைப்பே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே சீட் பேனல் விளம்பரத்தில் ‘என்.ஐ.ஜே. சான்று பெற்றது’ என்று இருந்தால், அந்த ஒரு வரியே எச்சரிக்கை மணி.

‘என்.ஐ.ஜே. லெவல் 3ஏ அளவுகோல்படி சோதிக்கப்பட்டது’ என்பது வேறு விஷயம். அது உண்மையாக இருக்கலாம். அப்படியென்றால் எந்த ஆய்வகம், எந்தத் தேதி, எந்தக் குண்டு, எத்தனை சுற்று என்று சோதனை அறிக்கையைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தடுக்குமா?

இல்லை. முன் சீட்டின் முதுகில் மாட்டிய பேனல், பின்னாலிருந்து வரும் குண்டிலிருந்து ஓட்டுநரின் முதுகை மட்டும் காக்கும். முன் கண்ணாடி வழியாக வந்தால்? பக்கத்து ஜன்னல் வழியாக வந்தால்? பைக்கில் வந்து பக்கவாட்டில் சுடுபவருக்கு அந்தப் பேனல் இருப்பதே தெரியாது. தலையும் கழுத்தும் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும் குண்டிலிருந்து பின் சீட்டில் இருப்பவரை அது காக்காது.

எஃகுத் தகடாக இருந்தால் இன்னொரு ஆபத்து. குண்டு எஃகில் மோதியதும் துகள்களாகச் சிதறி, வந்த பக்கமே திரும்பும். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பின் சீட்டில் உள்ள உங்கள் குடும்பம். சிதறலைப் பிடிக்கும் பூச்சு இல்லாத எஃகுத் தகட்டைக் காருக்குள் வைக்கவே கூடாது.

முழுக் கவச வண்டியோடு ஒப்பிட்டால்?

ஐரோப்பாவில் வி.பி.ஏ.எம். என்ற அளவுகோல் முழு வண்டியையும் சோதிக்கிறது: கதவு இடுக்கு, கண்ணாடி ஓரம், கூரை என்று பலவீனமான இடங்களைத் தேடிச் சுடுவார்கள். மெர்சிடிஸ் எஸ்-கார்டு காரின் தரம் இதில் வி.ஆர்.10. அந்த காரின் எடை 4 டன்னைத் தாண்டும். பிரேக், சஸ்பென்ஷன், டயர் எல்லாமே அந்த எடைக்காக மாற்றப்பட்டவை.

பேனலில் இந்த எடைக் கணக்கு எப்படி வரும்? 50 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 3ஏ மென்மையான பேனல் என்றால் சுமார் 2 கிலோ. லெவல் 3 பாலிஎத்திலீன் என்றால் சுமார் 8 கிலோ. அதே தரத்தில் 6.5 மி.மீ. எஃகு என்றால் ஏறக்குறைய 18 கிலோ. தூக்கிக்கொண்டு போகக்கூடியது கைத்துப்பாக்கியை மட்டும் தடுக்கும். ரைஃபிளைத் தடுப்பதைத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம்.

வெயிலில் நிற்கும் காரில் இது கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகும். 40 டிகிரி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். அராமிட் இழைக்குப் புற ஊதாக் கதிரும் ஈரமும் ஆகாது. பாலிஎத்திலீனுக்கு வெப்பம் ஆகாது; உருகும் நிலைக்கு வெகு முன்பே அதன் வலு குறையத் தொடங்கும்.

இதற்கு ஒரு கசப்பான முன்னுதாரணம் உண்டு. ஸைலான் என்ற இழையில் செய்த ஜாக்கெட்டுகள் 2000-ங்களின் தொடக்கத்தில் அமெரிக்கப் போலீஸில் பரவலாக இருந்தன. 2003-ல் அத்தகைய ஜாக்கெட்டைத் துளைத்து ஒரு போலீஸ்காரர் காயமடைந்தார். அதன்பின் என்.ஐ.ஜே. நடத்திய சோதனையில், பயன்பாட்டில் இருந்த 103 ஜாக்கெட்டுகளில் 60-ஐக் குறைந்தது ஒரு குண்டாவது துளைத்தது. ஈரமும் வெப்பமும் இழையை உள்ளுக்குள் சிதைத்திருந்தன. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. 2005-ல் ஸைலான் ஜாக்கெட்டுகளுக்கான அங்கீகாரம் நீக்கப்பட்டது.

உடல் கவசங்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுதான் உத்தரவாதம். அதுவும் உடலில் அணிந்து பயன்படுத்தும் பொருளுக்கு. ஆண்டு முழுக்க காரிலேயே கிடக்கும் பேனலுக்கு அதே ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

விபத்து நடந்தால்?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நம்மில் பெரும்பாலானோருக்கு காரில் காத்திருக்கும் ஆபத்து குண்டு இல்லை, மோதல்.

பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக், முன் சீட்டின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் விரியும். அந்த ஓரத்தை மூடும் எந்த உறையும், அது வெறும் துணி சீட் கவராகவே இருந்தாலும், ஏர்பேக்கைத் தாமதப்படுத்தலாம் அல்லது திசை திருப்பலாம். கவசத் துணி அதைவிடப் பல மடங்கு வலுவானது.

எடையும் விளையாடும். கடுமையான மோதலில் பொருள்கள் தங்கள் எடையைப் போல 30 மடங்கு விசையோடு முன்னே பாயலாம். 18 கிலோ தகடு அந்த நொடியில் 540 கிலோ எடைக்குச் சமம். ஒரு வெல்க்ரோ பட்டை அதைப் பிடித்து நிறுத்தாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றியமைக்க முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின் கீழ் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கழற்றி மாட்டும் பேனல் வேறு; கதவையோ சீட் சட்டத்தையோ துளையிட்டு, வெல்டு வைத்து தகடு பதிப்பது வேறு. இரண்டாவதைச் செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்பது அவசியம்.

அப்போ யாருக்குத்தான் இது?

குறிப்பிட்ட, தெரிந்த அச்சுறுத்தல் இருப்பவர்களுக்கு. மோதல் பகுதிக்குப் போகும் செய்தியாளர், உதவிப் பணியாளர் போன்றவர்களுக்கு. அவர்களுக்கும் இது கடைசி அடுக்குதான். எந்த வழியில், எந்த நேரத்தில் போவது, போவதா வேண்டாமா என்ற முடிவுகள் அதற்கு முன்னால் வருகின்றன. சுடத் தொடங்கினால் வண்டியை நிறுத்தாமல் அந்த இடத்தை விட்டு வெளியேறுவதுதான் பாதுகாப்புப் பயிற்சிகளின் முதல் பாடம். பேனல் அதற்குச் சில நொடிகளை வாங்கித் தரலாம்.

உங்கள் நிறுவனம் அப்படியொரு இடத்துக்கு உங்களை அனுப்பி, ‘வண்டியில் புல்லட் ப்ரூஃப் இருக்கு’ என்று சொன்னால் இந்த ஐந்தைக் கேளுங்கள்: எந்தக் குண்டுக்குச் சோதித்தது? எந்தத் திசையை மூடுகிறது? எந்த ஆண்டு தயாரானது? எதனால் கட்டப்பட்டிருக்கிறது? ஏர்பேக்கை மறைக்கிறதா? பதில் இல்லை என்றால், கவசம் இல்லாத வண்டியில் போவதாகவே நினைத்து முடிவெடுங்கள்.