சாட்சி தேடிக் கமகுராவுக்குப் போன சாமுராய்

ஜப்பானியப் பாடசாலை வரலாற்று நூல்களில் அடிக்கடி இடம்பெறும் ஓவியம் ஒன்று உண்டு. அம்புபட்டுக் குருதி சொட்டும் குதிரை துள்ளுகிறது. அதன்மேல் ஒரு வீரர் குனிந்திருக்கிறார். அருகே வெடிகுண்டு ஒன்று வெடித்துச் சிதற, எதிரே மொங்கோலிய வில்லாளர்கள் நிற்கிறார்கள். குதிரையில் இருப்பவர் தளபதியோ சிற்றரசரோ அல்ல. கையில் காணி இல்லாத சாதாரண சாமுராய். பெயர் தகெசாகி சுவெனகா. இந்த ஓவியத்தை வரையச் செய்தவரும் அவரே.

சாமுராய் என்றதும், எதையும் எதிர்பாராமல் எஜமானுக்காக உயிர்விடும் வீரனே பலருக்கும் நினைவில் வருவான். அந்தச் சித்திரத்தின் பெரும்பகுதி பிற்காலத்தில் உருவானது. 13ஆம் நூற்றாண்டில் எஜமான் விசுவாசம் என்பது கொடுக்கல் வாங்கலாகவே இருந்தது. கமகுரா நகரிலிருந்து ஆண்ட இராணுவ அரசுக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட வீரர்களைக் ‘கோகெனின்’ என்றார்கள். அவர்கள் போரிட வேண்டும். அரசு அவர்களுக்குக் காணி உரிமை தர வேண்டும். ஆனால், வீரம் காட்டினால் மட்டும் போதாது. அதைக் கண்ட சாட்சியும் வேண்டும்.

சுவெனகா 1246இல் பிறந்தவர். ஊர் கியூஷு தீவின் ஹிகோ மாகாணம், இன்றைய குமமோட்டோ. தீராத காணி வழக்கொன்றினால் அவரிடம் ஆள்பலம் இருக்கவில்லை. 1274 நவம்பரில் குப்ளாய் கானின் படைகள் ஹகாட்டா விரிகுடாவில் இறங்கியபோது, அவரோடு சேர்த்து ஐந்து குதிரைவீரர்களே அந்த அணியில் இருந்தனர். உதவிப்படை வரட்டும், சாட்சிக்கும் ஆள் கிடைக்கும், அதன்பின் மோதலாம் என்று அவருடைய ஆள் ஒருவர் சொல்லிப் பார்த்தார். சுவெனகா கேட்கவில்லை, பாய்ந்தார். குதிரை வீழ்ந்தது, அவரும் காயப்பட்டார். பின்னால் பெரும் அணியுடன் வந்த ஷிராயிஷி மிச்சியசு என்பவரால் உயிர் தப்பினார். இருவரும் ஒருவருக்கொருவர் சாட்சியாவதென உடன்பட்டனர்.

முதலில் களம் புகுந்தவர் என்ற பெருமை தனக்கே உரியது என அவர் கருதினார். ஆனால் அது கமகுராவுக்கு அறிவிக்கப்படவில்லை. எனவே நேரில் போய்க் கேட்பதென முடிவெடுத்தார். உறவினர்கள் எதிர்த்தார்கள். குதிரைகளையும் சேணத்தையும் விற்று வழிச்செலவைத் திரட்டிக்கொண்டு, 1275ஆம் ஆண்டின் ஆறாம் மாதம் இரண்டு வேலையாட்களுடன் புறப்பட்டார். போய்ச் சேர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. சேர்ந்த பிறகும், தகுந்த பரிவாரம் இல்லாத இந்த மனிதரை எந்த அதிகாரியும் பொருட்படுத்தவில்லை.

பத்தாம் மாதத்தில்தான் வெகுமதிகளுக்குப் பொறுப்பான அதாச்சி யசுமோரியைக் காண முடிந்தது. இந்தச் சந்திப்பை சுவெனகா பின்னர் விரிவாகவே எழுதிவைத்தார். விசாரணை கறாரானது. எதிரியின் தலை கொய்தாயா? இல்லை. உன் ஆட்களில் எவராவது இறந்தார்களா? இல்லை, காயம் மட்டுமே. அப்படியானால் போதாது என்றார் யசுமோரி. சுவெனகா விடவில்லை. தனக்கு வெகுமதி பெரிதல்ல, களத்தில் தளபதியாக இருந்த ஷோனி ககெசுகேயிடம் கேளுங்கள், நான் சொன்னது பொய்யென்றால் என் தலையை எடுங்கள் என்றார். வெகுமதி பெரிதல்ல என்ற பேச்சை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் யசுமோரிக்குப் பிடித்துப்போயிற்று. சுமார் ஒரு மாதத்தில் ஹிகோவின் காய்தோ என்ற இடத்தின் நிலப் பொறுப்பாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. வெகுமதி பெற்ற 120க்கும் மேற்பட்டோரில், உத்தரவை நேரடியாகக் கையில் பெற்றவர் தான் ஒருவரே என்று அவர் குறித்துள்ளார். யசுமோரி ஒரு குதிரையும் கொடுத்தார்.

1281இல் எதிரி மீண்டும் வந்தபோது அவர் முன்னைவிட ஆவேசமாக இருந்தார். படகு கிடைக்காமல், இரகசிய உத்தரவு இருப்பதாகப் பொய் சொல்லி மற்றவர்களின் படகில் தொற்றினார். தலைக்கவசம் கைவசம் இல்லாததால் காலில் கட்டும் கவசத்தைத் தலையில் கட்டிக்கொண்டு எதிரிக் கப்பலில் ஏறினார். இம்முறை தலைகளையும் கொய்தார். தன் பொய்யையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தது வியப்புத்தான்.

எல்லோருக்கும் அவருடைய அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வழமையாகத் தோற்றவரின் காணி வென்றவர்களுக்குப் பங்கிடப்படும். கடல்தாண்டி வந்த எதிரியிடம் பறிக்கக் காணி ஏது? கடற்கரையில் மதில் கட்டியும் காவல் நின்றும் செலவழித்த கோகெனின்கள் வெறுங்கையுடன் நின்றார்கள். 1333இல் கமகுரா அரசு வீழ்ந்ததற்கு இந்த மனக்குறையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

யசுமோரி 1285இல் அரசியல் எதிரிகளால் கொல்லப்பட்டார். அதையொட்டி எழுந்த மோதலில் ககெசுகேயும் மடிந்தார். சுவெனகாவின் சாட்சிகளில் முக்கியமான இருவர் இல்லாமற்போயினர். 1293ஆம் ஆண்டுத் திகதி காணப்படும் ஓவியச் சுருள்களில், வீழ்ந்துபட்ட யசுமோரி மதிப்போடு தீட்டப்பட்டிருக்கிறார். எனவே இவை வெறும் தற்பெருமை அல்ல, நன்றிக்கடனும்கூட எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

புகழ்பெற்ற அந்த ஓவியத்தில் மொங்கோலிய வீரர்கள் சிலர் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டார்களா என்ற விவாதம் ஓயவில்லை. வெடிகுண்டு மட்டும் கற்பனையல்ல. தகஷிமா தீவருகே கடலடியில் நடந்த அகழாய்வில் அத்தகைய மட்பாண்டக் குண்டுகள் கிடைத்துள்ளன. சுருள்கள் 2021இல் ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன.