லைசோசைம்: படிகம் காட்டியதும் வேதியியல் கேட்டதும்

உயிர்வேதியியலின் முதல் பாடத்திலேயே மாணவர்கள் ஒரு சங்கிலியை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்: அமினோ அமில வரிசை வடிவத்தைத் தீர்மானிக்கிறது, வடிவம் செயலைத் தீர்மானிக்கிறது. முதற்பாதிக்கு உறுதியான சான்று உண்டு. கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ் நொதியை யூரியாவில் குலைத்து, அதன் டைசல்பைடு பிணைப்புகளையும் முறித்தார். யூரியாவை நீக்கிக் காற்றின் ஆக்சிஜன் பட விட்டபோது, அந்தப் புரதம் தானாகவே மடிந்து பழைய திறனைப் பெற்றது. இரண்டாம் பாதியை இதே உறுதியுடன் சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு நொதி எப்படியெல்லாம் இயங்கக்கூடும் என்ற வாய்ப்புகளை வடிவம் குறைத்துத் தருகிறது. எஞ்சியவற்றுள் எது உண்மையில் நடக்கிறது என்பதை வினையைப் பின்தொடர்ந்தே அறிய முடியும். சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நொதிகளுள் முதன்முதலில் முப்பரிமாண வடிவம் கண்டறியப்பட்ட லைசோசைமே போதும்.

1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் மூக்குச்சளியில் கண்டறிந்து பெயரிட்ட இந்த நொதி, கண்ணீரிலும் உமிழ்நீரிலும் இருக்கிறது; கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் தாராளமாகவே இருக்கிறது. பாக்டீரியச் செல்சுவரில் இரண்டு வகைச் சர்க்கரை அலகுகள் மாறிமாறிக் கோத்திருக்கும். அவற்றை இணைக்கும் கிளைகோசைடு பிணைப்பை இது வெட்டுகிறது. கோழிமுட்டை லைசோசைமில் 129 அமினோ அமிலங்கள், நான்கு டைசல்பைடு பிணைப்புகள். 1965இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் ஃபிலிப்ஸின் குழு எக்ஸ்-கதிர் படிகவியல் வழியாக 2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் இதன் வடிவத்தை வெளியிட்டது. புரதத்தின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம். அதில் ஆறு சர்க்கரை வளையங்களுக்கு இடம். நான்காம், ஐந்தாம் வளையங்களுக்கு இடையே, பள்ளத்தின் இரு மருங்கிலும் இரண்டு அமிலத் தொகுதிகள்: 35ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம், 52ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம்.

எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன பூட்டு-சாவி உவமைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைத்திருக்காது. ஆனால் ஃபிலிப்ஸ் கண்டது உவமைக்கு அப்பாலும் சென்றது. நான்காம் இடத்தில் சர்க்கரை வளையம் தன் இயல்பான நாற்காலி வடிவில் பொருந்தவில்லை. சற்றுத் தட்டையாக வளைந்தால்தான் பொருந்தியது. ஒரு கார்பன் நேர்மின்னேற்றம் பெறும்போது வளையம் ஏற்கும் வடிவமும் ஏறத்தாழ அதுவே. இதிலிருந்து அவர் ஒரு வினைவழியை முன்வைத்தார். குளுட்டாமிக் அமிலம் புரோட்டான் தந்து பிணைப்பை முறிக்கிறது. கார்பன் நேர்மின் அயனி பிறக்கிறது. அஸ்பார்டேட் தன் எதிர்மின்னூட்டத்தால் தொடாமல் தூர நின்றே அதை நிலைப்படுத்துகிறது. பின் நீர் வந்து சேர்கிறது. முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பாடநூல்களில் அச்சானது இந்தச் சித்திரமே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிகத்தில் நேரடியாகத் தெரிந்தது, முதல் மூன்று இடங்களில் அமர்ந்த மூன்று அலகுச் சர்க்கரை மட்டுமே. நொதி அதை மிக மெதுவாகவே வெட்டும் என்பதால்தான் அது படிகத்தில் நிலைத்து நின்றது. வெட்டு நிகழும் நான்காம் இடத்தில் வளையத்தைப் பொருத்தியது மாதிரி கட்டிய மனிதக் கை. ஃபிலிப்ஸ் இதை மறைக்கவில்லை, பாடநூல்கள்தான் மறந்துவிட்டன. ஊகத்தின் ஒரு பகுதி பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்: 1991இல் ஸ்ட்ரிநாட்காவும் ஜேம்ஸும் நான்காம் இடத்தில் வளைந்த வளையத்தையே படிகத்தில் கண்டார்கள்.

இடர் வேறோர் இடத்தில் இருந்தது. வடிவம் எதுவும் தெரியாத 1953லேயே டேனியல் கோஷ்லண்ட் எளிய வேதியியல் தர்க்கம் ஒன்றை முன்வைத்திருந்தார். ஒரு நொதி கார்பனைத் தாக்கி இடம் மாற்றினால் அதன் முப்பரிமாண அமைவு தலைகீழாகும். இருமுறை மாற்றினால் பழையபடி திரும்பும். லைசோசைம் வினையில் அமைவு மாறாமல் நிற்கிறது. ஆகவே இரண்டு படிகள் இருக்க வேண்டும்; நடுவில் நொதியும் சர்க்கரையும் சகப்பிணைப்பால் இணைந்த ஓர் இடைச்சேர்மம் இருக்க வேண்டும். அஸ்பார்டேட் அயனியைத் தூர நின்று தாங்காமல், கார்பனையே பற்றுகிறது என்று இதற்குப் பொருள். படிகத்தின் மேல் கட்டிய மாதிரியில் இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ராம். ஃபிலிப்ஸ் இதை எட்டாத் தூரமாக எடுத்துக்கொண்டார். வினையின்போது வளையம் சற்றே நகர்ந்தால் அது எட்டும் தூரம். ஓய்வில் இருக்கும் நொதியின் படம் இந்த இரண்டில் எது என்று சொல்லாது.

ஃபிலிப்ஸின் பக்கம் சோதனைச் சான்று இல்லாமலில்லை. 1968 வாக்கில் டால்குவிஸ்ட், ராஃப்டரி ஆகியோர் செய்த ஐசோடோப்பு அளவீடுகள், வினையின் உச்சியில் கார்பன் பெரிதும் நேர்மின் தன்மை பெறுவதைக் காட்டின. பலர் இதையே அயனி வழிக்கான தீர்ப்பாக வாசித்தார்கள். அந்த வாசிப்பு பிழையானது என்பது என் கருத்து. அளவீடு சொன்னது மாறுநிலையைப் பற்றி, அதாவது ஆற்றல் மலையின் உச்சியில் கணப்பொழுது நிகழும் அமைப்பைப் பற்றி. சச்சரவோ, உச்சியைக் கடந்தபின் பள்ளத்தாக்கில் தங்கும் பொருள் அயனியா சகப்பிணைப்புச் சேர்மமா என்பது பற்றியது. உச்சியில் நேர்மின் தன்மை இருப்பதும் பள்ளத்தாக்கில் சகப்பிணைப்பு இருப்பதும் முரண்பட்டவை அல்ல.

இடைச்சேர்மத்தை ஏன் எவரும் பிடிக்கவில்லை? இயல்பான நொதியில் அது உருவாவது மெதுவாகவும் சிதைவது விரைவாகவும் நடக்கிறது. அளக்கும் அளவுக்கு அது சேர்வதே இல்லை. 2001இல் வொகாட்லோ, டேவிஸ், லெய்ன், விதர்ஸ் ஆகியோர் இந்த வேகக் கணக்கைப் புரட்டிப்போட்டார்கள். 35ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலத்தைக் குளுட்டமைனாக மாற்றினார்கள். விலகும் தொகுதியாக ஃபுளூரைடை வைத்தார்கள். அது விலகப் புரோட்டான் உதவி தேவையில்லை என்பதால் முதல் படி தடைபடவில்லை. நீரைத் தூண்டும் தொகுதி நீங்கிவிட்டதால் இரண்டாம் படி முடங்கியது. வளையத்தின் இரண்டாம் கார்பனில் சேர்த்த ஃபுளூரின் நேர்மின் தன்மை வாய்ந்த மாறுநிலையின் ஆற்றலைக் கூட்டி வேகத்தை மேலும் தணித்தது. தேங்கிய சேர்மத்தை நிறைநிறமாலையில் எடைபோட்டார்கள், படிகத்திலும் பார்த்தார்கள். அஸ்பார்டேட்டின் ஆக்சிஜனுக்கும் சர்க்கரையின் கார்பனுக்கும் இடையே தெளிவான சகப்பிணைப்பு இருந்தது.

மாற்றப்பட்ட நொதி, மாற்றப்பட்ட தளப்பொருள். இயற்கையில் வேறு வழி இருக்கலாமே என்று ஆட்சேபிக்க இடமுண்டு. ஆனால் அமைவைக் காக்கும் பிற பீட்டா-கிளைகோசிடேஸ் நொதிகளில் இதே வகை இடைச்சேர்மம் அதற்கு முன்பே காட்டப்பட்டிருந்தது. லைசோசைம் மட்டும் விதிவிலக்கு என்று வாதிடுபவரே இனிச் சான்று தர வேண்டும். 2001இன் சான்றும் படிகம்தானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் எந்தக் கணத்தைப் படமெடுக்க வேண்டும் என்பதை அங்கே வேகவியல் முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. 1965இன் படிகத்துக்கு அந்த வழிகாட்டல் இல்லை.

வளையத்தின் வளைவே வினையை விரைவுபடுத்துகிறது என்ற கருத்துக்கும் வலுவான மாற்று வந்தது. 1976இல் ஏரியே வார்ஷெலும் மைக்கேல் லெவிட்டும் லைசோசைமையே எடுத்துக் கணினியில் கணக்கிட்டு, வளைவின் பங்கு சிறிது, மின்னூட்டங்களின் ஒழுங்கமைப்பே பெரிது என்று வாதிட்டார்கள். இப்பணி தொடங்கிவைத்த கணிப்பு முறைக்காக 2013இல் அவர்கள் மார்ட்டின் கார்ப்ளஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். மின்னூட்டத்தின் ஆற்றலை வரைபடத்தில் கண்ணால் பார்க்க முடியாது. 35ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம் நீர்விலக்கும் சூழலில் புதைந்திருப்பதால் பி.எச். 5இல் தன் புரோட்டானை வழக்கத்தைவிட இறுகப் பற்றியிருக்கிறது. திறந்த சூழலில் உள்ள அஸ்பார்டிக் அமிலம் அதே பி.எச். 5இல் புரோட்டானை இழந்து நிற்கிறது. நொதியின் திறமை பெரிதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வடிவம் தருவது விலக்கும் வகை அறிவு என்பதற்கு 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் வெளியிட்ட வரைபடம் நல்ல எடுத்துக்காட்டு. அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் பெப்டைடுச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதை அது வரையறுத்தது. நிகழ முடியாததை உறுதியாகச் சொல்வதே அதன் பலம். லைசோசைமின் பள்ளமும் பல வினைவழிகளை அப்படியே விலக்கியது. இரண்டை மட்டும் விட்டுவைத்தது.

ஒரே வடிவம் வேறு வேலையைச் செய்யும் நிலையும் உண்டு. பாலில் உள்ள ஆல்ஃபா-லாக்டால்புமின் புரதம் லைசோசைமுடன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வரிசை ஒற்றுமை உடையது, மடிப்பும் அதுவே. 1969இல் லைசோசைமின் வடிவத்தின் மேல் அதன் மாதிரியைக் கட்டினார்கள், பிற்காலப் படிகம் அதைப் பெரும்பாலும் சரி என்றது. ஆனால் அது எந்தச் செல்சுவரையும் வெட்டாது. பால்சுரப்பியில் வேறொரு நொதியோடு சேர்ந்து, அந்த நொதி குளுக்கோஸை ஏற்று லாக்டோஸ் உண்டாக்கும்படி செய்கிறது. 2022 முதல் ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிக்கப்பட்ட வடிவங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றின் மடிப்பைப் பார்த்து 'லைசோசைம் வகை' என்று குறிப்பெழுதும் ஆய்வாளர், 35ஆம் இடத்துக்கு ஈடான இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆல்ஃபா-லாக்டால்புமினில் அது இல்லை. ஆராயும் புரதத்தில் அது இருந்தாலும்கூட, அந்தப் புரதம் பாக்டீரியக் கலங்கலைத் தெளியவைக்கிறதா என்பதைச் சோதனைக் குழாயில் அளந்த பிறகே அந்தக் குறிப்பை எழுதலாம்.