வேலியும் கயிறும்

காங்கேயம் வட்டாரத்து வறண்ட மேய்ச்சல் நிலங்களைக் கொரங்காடு என்பர். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் உள்ள அந்நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்ளால் உயிர்வேலி அமைத்திருப்பர். படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் தேவையில்லை. கன்றுகள் உள்ளே தம் விருப்பம்போல் மேய்ந்து திரியும். வேலி உண்டு, கழுத்தில் கயிறு இல்லை. பிள்ளை வளர்ப்பில் நம் முன்னோர் கண்ட நெறியும் இத்தகையதே என்பதற்கு இஸ்லாமிய வரலாற்றில் சான்றுகள் உள்ளன.

கி.பி. 625இல் உஹதுப் போரின்போது அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு வயது 14. போரில் கலந்துகொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப்போரின்போது வயது 15, அனுமதி கிடைத்தது. நாஃபிஉ வாயிலாக இச்செய்தியைக் கேட்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ஆட்சி 717–720), சிறுவருக்கும் பெரியவருக்கும் இதுவே எல்லை எனக் கொண்டு தம் ஆளுநர்களுக்கு ஆணை எழுதினார். காவல் தேவை, அதற்கு ஒரு முடிவும் தேவை என்பது இதனால் விளங்கும்.

அனஸ் (ரலி) பத்து வயதில் அண்ணலாரின் பணிவிடைக்கு வந்தவர். ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்டவர், கடைத்தெருவில் விளையாடிய சிறுவர்களிடையே நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கத் திரும்பினார். பெருமானார் சிரித்தபடி நின்றிருந்தார்கள். சொன்ன இடத்திற்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ். கண்டிப்பும் இல்லை, ஒப்படைத்த வேலை பறிக்கப்படவும் இல்லை.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் இஹ்யாவில் பிள்ளைகளை மெத்தைச் சுகத்திற்குப் பழக்கலாகாது, நாளில் ஒரு பகுதி நடக்கவும் உடலுழைக்கவும் வேண்டும், பாடம் முடிந்தபின் விளையாட விடவேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்தால் உள்ளம் மடியும், அறிவு மழுங்கும் என்பது அவர் எச்சரிக்கை.

எங்கள் அரபிக் கல்லூரிச் சேர்க்கையில் ஒருமுறை பதினேழு வயது மாணவனிடம் பெயர் கேட்டேன். தந்தை விடை சொன்னார். ஊர் கேட்டேன்; அதற்கும் அவரே. பின்னர் அவர் சொன்னார்: "ஹஜ்ரத், பன்னிரண்டு வயதில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன் நான். இவன் அந்தச் சிரமம் படக்கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய இளமை வேலியே இல்லாத நிலம். அந்த அச்சத்தில் மகனுக்கு அவர் வேலி அமைக்கவில்லை, கயிறு கட்டிவிட்டார். சற்று வெளியே அமருமாறு அவரை வேண்டிக்கொண்டேன். மகன் நெடுநேரம் தயங்கினான். பிறகு எல்லாவற்றுக்கும் தானே விடை சொன்னான்.