அட்டையில் ஓர் அகலப்பாதை எஞ்சின்



மணிலா அட்டையால் நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது, "ஐயா, எங்கள் பாட்டனார் இந்த இரயிலிலா கப்பலுக்கு வந்தார்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். அதற்கு விடை தேடியதே இக்கட்டுரை.

நாங்கள் மாதிரியாகக் கொண்டது 'பேரி குவீன்'. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உருவாகி வங்காளத்தில் ஓடிய இந்த எஞ்சினைப் பெரம்பூர் இரயில்வே பணிமனையினர் 1990களில் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்தனர். இது 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைக்கு உரியது. 1:20 என்ற அளவில் பாதையின் அகலம் 84 மில்லிமீட்டர். நடுவிலுள்ள பெரிய சக்கரத்தின் விட்டம் 91 மில்லிமீட்டர். மெல்லிய அட்டை வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் சக்கரங்கள் செய்தோம். கொதிகலனுக்கு அட்டையைச் சுருட்டினோம்.

பின்னர், நம் பேராக்கின் பாதையையும் அதே அளவில் செய்து அருகில் வைத்தோம். 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்ட முதல் பாதையும், இன்று ஈப்போ நிலையத்தில் உள்ள பாதையும் ஒரு மீட்டர் அகலமே. அட்டையில் அது 50 மில்லிமீட்டர். எங்கள் எஞ்சின் அதில் நிற்கவில்லை!

மாணவனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நம்மவர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்திற்கு 1860களின் தொடக்கத்தில் வந்த இரயில் அகலப்பாதையில் ஓடியது. 1870களில் அப்பாதை மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. ஆகவே, 1860களில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தோருள் இரயிலேறி நாகைக்கு வந்தவர்கள் அகலப்பாதையில் வந்திருப்பர். இருபதாம் நூற்றாண்டில் இரப்பர்த் தோட்டங்களுக்கு அதே வழியாக வந்தவர்களோ மீட்டர் பாதையில் வந்தவர்கள். கடலுக்கு இருபுறமும் அவர்கள் கண்ட தண்டவாளத்தின் அகலம் ஒன்றே.

அம்மாணவனின் பாட்டனார் இரப்பர்த் தோட்டத்திற்கு வந்தவர். நாங்கள் செய்த எஞ்சின் அவருடையதன்று. அவருக்கு முந்திய தலைமுறையினருடைய காலத்தது. 'எல்லாரும் ஒரே காலத்தில், ஒரே வழியில் வந்தோம்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். 34 மில்லிமீட்டர் வேறுபாடு அதைத் திருத்தியது.

தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. வந்த வழியை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். பெற்றோர்களே, உங்கள் குடும்பத்தினர் எந்த ஆண்டில், எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினர் என்பதை இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள். அட்டையும் பசையும் எப்போதும் கிடைக்கும்; அந்த விடை எப்போதும் கிடைக்காது.