சுந்தரபாண்டியபுரத்துப் பாட்டு இந்திக்குப் போன கதை

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரம்தான், 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வில் நாயகியின் ஊர். அவள் பாடும் ‘சின்னச் சின்ன ஆசை’யை வைரமுத்து எழுதினார், ஏ.ஆர். ரஹ்மான் இசையில் மின்மினி பாடினார். படம் இந்திக்குப் போனபோது பி.கே. மிஸ்ரா புதிய வரிகள் எழுத, அதையும் மின்மினியே பாடினார். மொழி மாறும் பாட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் குரல்தான் என்பது என் துணிபு. ‘ருக்குமணி’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் சித்ராவும் பாடியதை இந்தியில் பாபா சேகலும் ஸ்வேதா ஷெட்டியும் பாடினார்கள். மெட்டு அதேதான். ஆனால் கிராமத்துக் கல்யாண வீட்டுக் குறும்பு மறைந்து, நகரத்துப் பாப் இசையின் துள்ளல் வந்துவிட்டது.

மண்ணின் சொல் போனபின் பாட்டில் என்ன மிச்சம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘சின்னச் சின்ன ஆசை’க்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது அதன் தமிழ் வரிகளுக்குத்தான். மொழிமாற்றுப் பாடலாசிரியரின் கையோ கட்டப்பட்டது: திரையில் நாயகி மதுபாலாவின் உதடு மூடும் இடத்தில் அவரும் ‘ம’வோ ‘ப’வோ தேட வேண்டும். இழப்பு உண்டுதான். ஆனால் மின்மினியின் தாய்மொழி மலையாளம். தமிழும் அவர் கற்றுப் பாடிய மொழியே. 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை பக்கத்திலேயே இருக்கும் இந்த வட்டாரத்துக்கு மலையாளம் அந்நியமும் அல்ல. ‘சின்னச் சின்ன ஆசை’யின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இந்தியிலும் அது நம் ஊர்ப் பெண்ணின் பாட்டாகவே ஒலிக்கிறது.