பச்சைக்கு வெற்றி, ஆரஞ்சுக்கு ஆயுள்

2018ஆம் ஆண்டின் சைக்கிள் பந்தயப் பட்டியல்களைப் புரட்டினால் பாஸ்க் நாட்டைக் குறிக்கும் 'எவுஸ்காதி' என்ற சொல் இரண்டு அணிகளின் பெயரில் வரும். எவுஸ்காதி–முரியாஸ் பச்சை ஜெர்சி அணிந்த அணி. ஃபுந்தாசியோன் எவுஸ்காதி பழைய ஆரஞ்சு ஜெர்சியின் வாரிசு. நவாராவைச் சேர்க்காமல் ஏறத்தாழ 22 லட்சம் பேர் வாழும் பாஸ்க் நாட்டில் ஒரு தொழில்முறை அணியைக் கட்டி மேய்ப்பதற்கே நாக்குத் தள்ளிவிடும். அங்கே ஒரே நேரத்தில் இரண்டு இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது எந்த விதத்தில் 'சிறிய' அணி என்ற கேள்விக்குச் சற்று வியப்பான விடை கிடைக்கிறது.

இரண்டும் ஒரே வெற்றிடத்தில் முளைத்தவை. 2013 இறுதியில் எவுஸ்கால்தெல்–எவுஸ்காதி அணி மூடப்பட்டது. ஃபார்முலா 1 ஓட்டுநர் பெர்னாண்டோ அலோன்சோ அதை வாங்க முன்வந்து, பேச்சு முறிந்துபோனது. டூர் டி பிரான்ஸின் லூஸ் ஆர்டிடெனில் 2001இல் லைசேக்காவும், ஆல்ப் துவெஸில் 2003இல் இபான் மாயோவும் வென்ற அணி அது. ஒவ்வொரு ஜூலையிலும் பிரெனீஸ் மலைச் சாலையோரங்களை ஆரஞ்சாக்கிய கூட்டம் திடீரெனத் தனக்கென்று ஓர் அணி இல்லாமல் நின்றது.

பச்சை அணி அந்த இடத்துக்கு ஒரு தொழில் திட்டத்தோடு வந்தது. முன்னாள் வீரர் ஜோன் ஓத்ரியோசோலா மேலாளர். முரியாஸ் என்ற கட்டுமான நிறுவனம் புரவலர். 2015இல் தொழில்முறை அணிகளின் மூன்றாம் நிலையில் தொடங்கி, 2018இல் இரண்டாம் நிலைக்கு ஏறியது. ஆரஞ்சு அணியின் வழி வேறு. மிகெல் மாதரியாகா 1993இல் நிறுவி, சந்தா கட்டும் உறுப்பினர்களின் ஆதரவோடு வளர்த்த அறக்கட்டளை அதன் வேர். அது நலிந்து மூடும் நிலைக்கு வந்தபோது, 2017இல் மிகேல் லாந்தா தலைவர் பொறுப்பை ஏற்றார். லாந்தா அப்போது ஓய்வுபெற்றவர் அல்லர். உச்சத்தில் இருந்த மலையேற்ற வீரர். அடுத்த ஆண்டே மோவிஸ்டார் அணிக்காகப் பந்தயம் ஓட்டினார். ஊரில் ஓர் அணிக்குத் தலைவர், சாலையில் இன்னோர் அணியின் ஊழியர் என்ற இந்த வினோதம் தொழில்முறை விளையாட்டில் அரிது.

பணத்தால் பிறந்தது வேகமாக ஏறும், நினைவால் பிறந்தது ஆற அமர வரும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. முரியாஸுக்கு மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு வர மூன்று பருவங்கள் ஆயின. அறக்கட்டளைக்கு 2018, 2019 என இரண்டே போதுமாயிருந்தன.

ஆனால் இரண்டாம் நிலை என்பது வசதியான இடமல்ல. வீரர்களின் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் காட்ட வேண்டும். பேருந்து, மெக்கானிக், மசாஜ் செய்பவர் என ஆண்டு முழுவதும் செலவு ஓடும். அதேசமயம் பெரிய பந்தயத்தில் நுழையப் பெரும்பாலான அணிகளுக்கு உரிமை கிடையாது; அமைப்பாளர் அனுப்பும் அழைப்பை நம்பித்தான் பிழைப்பு. ஸ்பெயினின் பெரும் பந்தயமான வுவெல்டா அழைத்தால் புரவலரின் பெயர் மூன்று வாரம் தொலைக்காட்சியில் தெரியும். அழைக்காவிட்டால் அவர் எதற்காகப் பணம் போடுகிறார் என்பதற்கு மேலாளரிடம் பதில் இருக்காது. இந்த ஒரு கயிற்றில்தான் இரண்டு அணிகளும் தொங்கின.

பச்சை அணி தனக்கு வந்த அழைப்புகளை வீணாக்கவில்லை. 2018 வுவெல்டாவின் 13ஆம் கட்டம் லெயோன் மாகாணத்தின் லா கம்பெரோனா உச்சியில் முடிந்தது. சுவர் போல நிமிரும் கடைசிக் கிலோமீட்டர்கள். முன்னே போன ரஃபால் மைக்காவையும் டிலன் தென்ஸையும் 23 வயது ஆஸ்கர் ரொத்ரிகஸ் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தார்; பிறகு தாண்டிப் போய்விட்டார். அதுவரை அந்தப் பெயர் நவாராவுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. மறு ஆண்டு 11ஆம் கட்டம் பிரெஞ்சுப் பாஸ்க் பகுதியின் சென்–பலேயில் புறப்பட்டு, எல்லை தாண்டி நவாராவின் உர்தாக்ஸில் முடிந்தது. முழுக்கப் பாஸ்க் மண். மிகேல் இதூரியா தனியே பிரிந்து ஓடினார். பின்னால் துரத்திய குழு கடைசியில் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஆறே விநாடி இடைவெளியில் கோட்டைக் கடந்தார். இரண்டு வுவெல்டா, இரண்டு வெற்றி. இந்த அளவு அணிக்கு இது கனவுக் கணக்கு.

ஆரஞ்சு அணியின் ஏடு வேறு மாதிரி. 2020 தொடக்கத்தில் பழைய புரவலரான எவுஸ்கால்தெல் தொலைபேசி நிறுவனம் திரும்பி வந்தது. பழைய பெயரும் பழைய நிறமும் முழுதாகத் திரும்பின. 2021, 2022, 2024 எனப் புதிய அணி வுவெல்டாவில் மூன்று முறை ஓடியது. கட்ட வெற்றி ஒன்றுகூட இல்லை. 2022இல் லூயிஸ் ஆங்கெல் மாத்தே தான் முன்னே பிரிந்து ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மரம் நடுவதாகச் சொன்னார். தீயில் கருகிய சியர்ரா பெர்மேஹா மலைக்காக. வெல்ல முடியாத அணியின் நாளுக்கும் ஒரு பொருள் தேடிய அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது வெற்றியாகாது. 2023 ஜூலை 1 அன்று டூர் டி பிரான்ஸ் பில்பாவோ நகரிலேயே தொடங்கியபோது ஆரஞ்சு அணிக்கு அழைப்பு வரவில்லை. தங்கள் வீட்டு வாசலில் நடந்த கல்யாணத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

அப்படியிருக்க, மூடப்பட்டது எந்த அணி? வென்ற அணிதான். உர்தாக்ஸ் வெற்றி கிடைத்த அதே 2019 இறுதியில், புதிய புரவலர் கிடைக்காமல் பச்சை அணி கலைந்தது. காரணத்தை அதன் பிறப்பிலேயே தேடலாம் என்று நினைக்கிறேன். புரவலர் விலகினால் முரியாஸிடம் மிஞ்ச ஒன்றுமில்லை. அறக்கட்டளையிடம் இருபது ஆண்டு நினைவும் ஒரு நிறமும் மிஞ்சின. அந்த நிறமும் ஒரு புதிர்தான். பாஸ்க் கொடியில் சிவப்பு, பச்சை, வெள்ளை மட்டுமே உண்டு. ஆரஞ்சு 1998இல் அதே தொலைபேசி நிறுவனத்தின் விளம்பர நிறமாக வந்தது. கொடியில் உள்ள பச்சையை அணிந்தவர்களை விட்டு, விளம்பரத்தின் ஆரஞ்சைத்தான் மக்கள் தங்கள் நிறமாகக் கொண்டார்கள். பல ஆண்டு மலைச் சாலையில் நின்றால் விளம்பரமும் குலச்சின்னம் ஆகிவிடுகிறது போலும்.

பாஸ்க் தன்மை என்ற விஷயத்தில் இரண்டும் எதிரெதிர் முனைகள் என்று நினைத்தால் அங்கும் ஏமாற்றம்தான். பச்சை அணிக்கு 2018 துருக்கிப் பந்தயத்தை வென்று தந்த எடுவார்ட் பிராதெஸ் கதலோனியர். அதே அணியின் பார்செலோ, சமித்தியேர் இருவரும் அரகோன்காரர்கள். ஆரஞ்சிலோ மாத்தேயும் லோபாத்தோவும் அந்தலூசியர்கள். பழைய ஆரஞ்சு அணியின் ஒலிம்பிக் தங்க வீரர் சாமுவேல் சாஞ்செஸே அஸ்தூரியாஸில் பிறந்தவர். இரண்டு வீட்டிலும் முன்கதவில் பாஸ்க் பெயர்ப்பலகை. பின்கதவு திறந்தே இருந்தது.

நாற்றங்காலாக இருப்பதிலும் வேறுபாடு குறைவு. பச்சை கலைந்தபோது ரொத்ரிகஸை அஸ்தானாவும், பார்செலோவைக் கோஃபிடிஸும், சமித்தியேரை மோவிஸ்டாரும் எடுத்துக்கொண்டன. பில்பாவோவில் தொடங்கிய அந்த 2023 டூரில் கட்டம் வென்ற பெல்லோ பில்பாவோவும் இயோன் இசாகிரேயும் பழைய ஆரஞ்சு அணியில் வளர்ந்து, வேறு நாட்டு அணிகளின் ஜெர்சியில் வென்றவர்கள். விதைத்தவருக்கு அறுவடை கிடைக்காத தொழில் இது.

எதிர்பாராத உறவு ஒன்று வீரர்களின் தொடைகளுக்கு நடுவிலேயே இருந்தது. பச்சை ஓடியது பி.எச். சைக்கிளில். ஆரஞ்சு ஓடியது ஓர்பேயாவில். ஓர்பேயா 1840இல் எய்பார் நகரில் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கிய குடும்பத் தொழில். பி.எச்.சும் அதே எய்பாரில் 1909இல் பெய்ஸ்தேகி சகோதரர்கள் துப்பாக்கி செய்யத் தொடங்கிய நிறுவனம். ஆயுதச் சந்தை சரிந்தபோது இரண்டும் குழாய் வளைக்கத் தெரிந்த அதே கைகளைச் சைக்கிளுக்குத் திருப்பின. 1935இல் முதல் வுவெல்டாவை வென்ற பெல்ஜியர் குஸ்தாஃப் தெலோர் ஓட்டியதும் பி.எச்.தான்.

பச்சை அணி கலைந்த பிறகு அதன் வீரர் மிகேல் பிஸ்கர்ராவும், உர்தாக்ஸில் வென்ற இதூரியாவும் ஆரஞ்சு அணிக்கு வந்தார்கள். எய்பாரில் பிறந்த ஒரு சைக்கிளிலிருந்து இறங்கி, எய்பாரில் பிறந்த இன்னொன்றில் ஏறினார்கள்.